ஒன்பதாம் நாள் இழுப்பும் ஓரங்குலத் துளைகளும்

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பரிடம் தலைப்பைச் சொன்னதும், "மெக்கானிக்கல் படிச்சவனுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில என்னப்பா வேலை?" என்றார். நியாயமான கேள்விதான். என் பிழைப்பு மருத்துவமனைகளுக்குக் குளிர்சாதனமும் காற்றோட்டமும் அமைத்துத் தருவது. ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கு எத்தனை தடவை காற்று மாற வேண்டும், எந்த அறையில் காற்றழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும், ஃபில்டரை எங்கே வைப்பது என்று கணக்குப் போடுவதிலேயே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நம் கல்லூரி ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் ஆரிஃபிஸ் மீட்டரோடு மல்லுக்கட்டிய காலத்தில், அது பின்னாளில் சோறு போடும் என்று எங்கள் செட்டில் யாரும் நினைத்ததில்லை. இந்தத் தொழிலின் முன்னோடிகள் யார் யார் என்று பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டவர்தான் டாக்டர் ஜோசப் கிளார்க். அவர் போட்ட துளைகளைப் பற்றிப் படிக்கப் போய், பிறந்த குழந்தைக்கு வலிப்பு வந்தால் எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதை மனிதர்கள் எப்படிக் கண்டுகொண்டார்கள் என்ற பெரிய கதைக்குள் போய் விழுந்தேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மருத்துவம் படித்தவர்கள் இதைப் படித்தால் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஏழைத் தாய்மார்களுக்காக பார்த்தலோமியோ மாஸ் என்ற மருத்துவர் 1745இல் ஒரு பிரசவ மருத்துவமனையைத் தொடங்கினார். 1757இல் அது புதிய கட்டடத்துக்கு மாறியது. ரோட்டண்டா என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். 1782 முடியும்போது கிளார்க் பழைய பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தார். அதுவரை அங்கே உயிரோடு பிறந்த குழந்தைகள் 17,650. அவற்றில் முதல் இரண்டு வாரத்துக்குள் செத்துப்போனவை 2,944. ஆறு குழந்தை பிறந்தால் ஒன்று இல்லை. அந்தச் சாவுகளில் இருபதுக்குப் பத்தொன்பது வலிப்பினால் வந்தவை. பிறந்து ஒன்பது நாளுக்குள் வந்து தாக்கியதால் அங்கிருந்த தாதிமார் அதற்கு 'ஒன்பதாம் நாள் இழுப்பு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்துப் பழகிவிட்டால் பயம் பாதி போய்விடும். கேள்வி கேட்கும் புத்தியும் அதோடு போய்விடும். ஆறில் ஒன்று போவது இயற்கை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

கிளார்க் ஏற்றுக்கொள்ளவில்லை. வார்டில் கெட்ட காற்று தேங்கி நிற்பதுதான் காரணம் என்று அவர் முடிவு செய்தார். கதவும் ஜன்னலும் சாத்தியே கிடக்கும்; குளிருக்குப் பயந்து தாதிமார் திறக்க விடமாட்டார்கள். ஆகவே யாரும் சாத்த முடியாத வழியாக அவர் யோசித்தார். ஒவ்வொரு வார்டின் கூரையிலும் 24 அங்குல நீளம், 6 அங்குல அகலத்தில் திறப்பு. ஒவ்வொரு ஜன்னல் சட்டத்திலும் சாய்வாக மூன்று ஓரங்குலத் துளைகள். தாழ்வாரத்துப் பக்கக் கதவுகளின் மேல்பாகத்தில் பதினாறு ஓரங்குலத் துளைகள். தச்சனுக்கு ஒரு சில நாள் வேலை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிறந்த 8,033 குழந்தைகளில் இறந்தவை 419. அதாவது ஆறுக்கு ஒன்று என்பது ஏறத்தாழ பத்தொன்பதுக்கு ஒன்றாகிவிட்டது.

தொழில் புத்தி விடுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூரைத் திறப்பு சரியாக ஒரு சதுர அடி. கதவுத் துளைகள் பதினாறும் சேர்ந்து பன்னிரண்டரைச் சதுர அங்குலம். சூடான காற்று மேலே போகும், கீழிருந்து புதுக் காற்று உள்ளே வரும். நாம் 'ஸ்டாக் எஃபெக்ட்' என்று படித்தது இதுவேதான். பழைய விகிதமே நீடித்திருந்தால் அந்த 8,033 குழந்தைகளில் சுமார் 1,340 போயிருக்கும். போனது 419. வித்தியாசம் ஏறத்தாழ 920 உயிர். துளைபோடும் திருகாணியால் இத்தனை உயிரைக் காப்பாற்றிய வேறொரு கட்டட வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் வேடிக்கை பாருங்கள், அவர் சொன்ன தியரி தப்பு. ஒன்பதாம் நாள் இழுப்பைப் பெரும்பாலும் ரண ஜன்னி என்றே இன்றைய மருத்துவர்கள் கருதுகிறார்கள். டெட்டனஸ் என்று ஊசி போட்டுக்கொள்கிறோமே, அதேதான். அது கெட்ட காற்றால் வருவதில்லை. அறுத்த தொப்புள்கொடி வழியாக மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி உள்ளே போவதால் வருவது. காரணத்தைத் தப்பாகப் பிடித்தும் பலன் கிடைத்தது என்றால், எண்ணிப் பார்த்தார் என்பதால்தான். செய்வதற்கு முன்னும் எண்ணினார், செய்த பின்னும் எண்ணினார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நம் ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிளார்க்குக்கு முன்பும் எண்ணியவர்கள் இல்லாமல் இல்லை. லண்டனில் வாராவாரம் இறப்புப் பட்டியல் அச்சடித்து விற்பார்கள். துணி, ஊசி, பொத்தான் வியாபாரம் செய்த ஜான் கிராண்ட் என்பவர் அந்தப் பட்டியல்களைத் தொகுத்து 1662இல் ஒரு புத்தகம் போட்டார். இருபது வருஷத்தில் 2,29,250 சாவு. அதில் 71,124 பேர் சின்னக் குழந்தைகளுக்கே வரக்கூடியவை என்று அவர் கருதிய காரணங்களால் இறந்தவர்கள். அந்தக் காரணங்களில் ஒன்று 'வலிப்பு'. இந்தக் காரணத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், ஊர்க் கிழவிகள். செத்தவர் வீட்டுக்குப் போய் உடலைப் பார்த்து விசாரித்துச் சொல்வது அவர்கள் வேலை. கடைசியாகக் கண்ணில் பட்டது எதுவோ அதுவே காரணம். குழந்தை இழுத்துச் செத்தது, ஆகவே வலிப்பால் செத்தது. பாய்லர் வெடிப்பதற்கு முன்னால் விசில் அடித்தது, ஆகவே விசிலால் வெடித்தது என்று எழுதின மாதிரி. நம்மூரிலும் 'ஜன்னி கண்டு போச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வலிப்பு நோய் இல்லை, நோயின் அடையாளம் என்ற இந்த ஒரு விஷயம் புரிவதற்கு மனித குலத்துக்கு அடுத்த இருநூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

ரண ஜன்னி கதையை முடித்துவிடுகிறேன். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா என்று ஒரு தீவுக் கூட்டம். வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலிருந்தே சுமார் 64 கிலோமீட்டர். கடல் பறவைகளைப் பிடித்துத் தின்று, அதன் எண்ணெயையும் இறகையும் விற்று வாழ்ந்த ஒரு சின்ன ஜனக்கூட்டம். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு பிறந்த ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். அவர்கள் வைத்த பெயர் 'எட்டாம் நாள் நோய்'. டப்ளினுக்கும் அதற்கும் ஒரு நாள்தான் வித்தியாசம். முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று வாயைத் திறக்க மாட்டேன் என்னும், தாடை இறுகிவிடும், பிறகு தொட்டாலும், சத்தம் கேட்டாலும், வெளிச்சம் பட்டாலும் உடம்பு வில்லாக வளையும். கடவுள் சித்தம் என்று இருந்துவிட்டார்கள்.

அந்தத் தீவுக்கு 1889இல் பாதிரியாராக வந்தவர் ஆங்கஸ் ஃபிட்ஸ். சாமி காரியம் பார்க்க வந்தவர், கிளாஸ்கோ நகருக்குப் போய்க் கிருமி ஒழிக்கும் முறையில் பிரசவம் பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு திரும்பினார். கிளாஸ்கோ என்பது சும்மா இல்லை. ஜோசப் லிஸ்டர் 1865இல் கார்பாலிக் அமிலத்தால் காயத்தைச் சுத்தம் செய்து காட்டிய அதே ஊர். கொடியை அறுக்கும் கருவியும், தொடும் கையும், கட்டும் துணியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தீவுப் பெண்களிடம் அவர் மன்றாட வேண்டியிருந்தது. 1890களின் தொடக்கத்திலேயே எட்டாம் நாள் நோய் தீவைவிட்டுப் போய்விட்டது. ஆனால் அதற்குள் வெகுகாலம் குழந்தைகளை இழந்து மெலிந்துபோன ஜனத்தொகை நிமிரவில்லை. 1930 ஆகஸ்ட் 29ஆம் தேதி மிச்சமிருந்த 36 பேரும் கப்பலேறித் தீவைக் காலிசெய்தார்கள். வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும், பிறக்காமல் போனதைவிடப் பிறந்து போனதுதான் ஒரு ஊரை அதிகம் அழிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே காலத்தில் விஞ்ஞானமும் வந்து சேர்ந்தது. 1884இல் ஆர்தர் நிக்கோலையர் தோட்டத்து மண்ணை விலங்குகளுக்கு ஊசியில் ஏற்றி ரண ஜன்னியை உண்டாக்கிக் காட்டினார். 1889இல் ஜப்பானியரான கிட்டசாட்டோ பெர்லினில் அந்தக் கிருமியைத் தனியாக வளர்த்தார். காற்று பட்டால் வளராத கிருமி அது. அதைப் பிடிக்கவே தனித் திறமை வேண்டியிருந்தது. பிறகு தடுப்பூசி வந்தது. குழந்தைக்குப் போட நேரமில்லை, ஒரு வாரத்திலேயே நோய் வந்துவிடுகிறதே, என்ன செய்வது? தாய்க்குப் போட்டால் என்ன என்று நியூகினியில் ஸ்கோஃபீல்டும் கூட்டாளிகளும் செய்து பார்த்து 1961இல் எழுதினார்கள். கர்ப்பிணிக்குப் போட்ட ஊசியின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. நம் அக்கா தங்கைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் அந்த ஊசிக்குப் பின்னால் இருக்கும் யோசனை இதுதான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் 1988இல் மட்டும் உலகத்தில் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் ரண ஜன்னியால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்தியாவில் எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது என்று 2015இல் உறுதிசெய்யப்பட்டது. கண்டுபிடித்ததற்கும் எல்லாக் குடிசைக்கும் போய்ச் சேர்ந்ததற்கும் இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல்.

இந்த நோயில்தான் 'ஆபத்துக் காரணி' என்ற சிந்தனை தெளிவாகத் தெரிகிறது. இரண்டு குழந்தைக்கும் அதே இழுப்பு, அதே கிருமி. ஒன்று பிழைக்கிறது, ஒன்று போகிறது. என்ன வித்தியாசம்? நேரம். பிறந்து எத்தனை நாளில் ஆரம்பித்தது, பால் குடிப்பதை நிறுத்தியதற்கும் முதல் இழுப்புக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று பார்ப்பார்கள். இடைவெளி குறையக் குறைய ஆபத்து கூடும். எத்தனை விஷம் உள்ளே போயிருக்கிறது என்பதைக் கடிகாரமே சொல்லிவிடுகிறது.

ரண ஜன்னி ஒதுங்கியதும், அதன் பின்னால் மறைந்திருந்த மற்ற வலிப்புகள் வெளியே தெரிந்தன. இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். என் மகள் பிறந்த அன்று இரவே அவளுக்கு வலிப்பு வந்தது. வலிப்பு என்றதும் கைகால் உதறுவதைத்தான் நினைத்திருந்தேன். அவளுக்கோ உதடு சப்புக்கொட்டுவது போல அசைந்தது, கண் ஒரு பக்கமாக நின்றது, ஒரு கால் மட்டும் சைக்கிள் மிதிப்பது போலப் போனது. பச்சிளங்குழந்தையின் மூளை இன்னும் முழுசாக வயரிங் ஆகாதது. அதனால் பெரியவர்கள் மாதிரி மொத்த உடம்பும் இழுக்காது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பயத்தில் கையில் இருந்த நோட்டில் ஒவ்வொரு வலிப்பையும் மணி, நிமிஷம் போட்டு எழுத ஆரம்பித்தேன். அந்த வார்டின் மூத்த டாக்டர் அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எழுதினது நல்லதுதான். ஆனா எத்தனை தடவை வந்துதுன்னு எண்ணி ராத்திரி பூரா பயந்துக்கிட்டு இருக்காதீங்க. எதனால வந்துதுங்கறதுதான் முக்கியம்" என்றார். என் மனைவிக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது; பிள்ளைக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாளே அடங்கியது. இப்போது இரண்டாம் வகுப்பு. வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் மட்டும் வயிறு வலிக்கும். பக்கத்துத் தொட்டிலில் இருந்த பையனுக்கு என் மகளைவிடக் குறைவாகத்தான் வலிப்பு வந்தது. அவன் பிறந்ததும் அழாதவன். மூன்றாம் நாள் போய்விட்டான். அந்தப் பையனின் அப்பாவும் என்னைப் போலவே ஒரு நோட்டு வைத்திருந்தார். டாக்டர் அம்மா சொன்னதன் முழு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அழாத குழந்தை என்ற விஷயத்துக்கு எண் கொடுத்தவர் வர்ஜீனியா ஆப்கார். நியூயார்க்கில் மயக்க மருந்து நிபுணர். பிறந்த ஒரு நிமிஷத்தில் இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் வரும் எதிர்வினை, உடல் நிறம் என ஐந்துக்கும் சைபர், ஒன்று, இரண்டு என்று மார்க் போட்டார். மொத்தம் பத்து. 1953இல் அவர் அச்சில் கொடுத்த கணக்கு இது: மார்க் போடப்பட்ட 1,021 குழந்தைகளில் 8 முதல் 10 வாங்கியவை 774, இறந்தது ஒன்று. 3 முதல் 7 வாங்கியவை 182, இறந்தவை இரண்டு. 2 அல்லது அதற்குக் கீழே வாங்கியவை 65, இறந்தவை ஒன்பது. அதாவது 14 சதவீதம். கருவி கிடையாது, கரண்ட் கிடையாது. கண்ணும் காதும் கடிகாரமும் போதும். எந்தத் தொழிற்சாலையிலும் இதைவிட மலிவான தரப் பரிசோதனையை நான் பார்த்ததில்லை.

பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு தடைப்பட்ட குழந்தைகளுக்குத்தான் வலிப்பு பெரும்பாலும் முதல் நாளிலேயே வருகிறது. 1976இல் ஹார்வி சார்நாட், மார்கரெட் சார்நாட் என்ற தம்பதியர் அப்படிப்பட்ட 21 குழந்தைகளை நாள்தோறும் பார்த்து மூன்று படிநிலைகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் குழந்தை துறுதுறுவென்று இருக்கும், வலிப்பு இல்லை. இரண்டாம் படியில் மந்தம், வலிப்பு அதிகம். மூன்றாம் படியில் குழந்தை துவண்டு கிடக்கும். அங்கே வலிப்பு குறைந்துவிடும். எனக்கு இதைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. வலிப்பு நின்றது என்று அப்பன் ஆத்தாள் கும்பிடும் நேரத்தில், வலிப்பை உண்டாக்கக்கூட மூளைக்குச் சக்தி இல்லாமல் போயிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, பசும்பால் சார்ந்த மாவுப் பாலில் பாஸ்பேட் அதிகமாக இருந்த காலத்தில், பிறந்து ஒரு வாரத்தில் கால்சியம் இறங்கி வரும் வலிப்பு மேலைநாடுகளில் சகஜமாக இருந்தது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே தேறின. பயத்தின் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றில்லை.

அப்புறம் உள்ளே நடப்பதைப் பார்ப்பது எப்படி? இங்கேதான் நம் எலெக்ட்ரானிக்ஸ் துறைக்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். 1969இல் லண்டனில் டக்ளஸ் மேனார்டும் பமீலா பிரையரும் மூளையின் மின்னலைகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஒரு கருவியை அறிவித்தார்கள். சாதாரண ஈஈஜி எடுத்தால் காகிதம் மலை மாதிரி குவியும். இவர்கள் 2 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டி, அலையின் உயரத்தை மட்டும் எடுத்து, மணிக்கு ஆறு சென்டிமீட்டர் என்ற ஆமை வேகத்தில் காகிதத்தை ஓடவிட்டார்கள். ஒரு ராத்திரி முழுக்க ஒரு முழக் காகிதத்துக்குள் வந்துவிடும். முதலில் பெரியவர்களுக்காகச் செய்தது; பிறகு ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் பச்சிளங்குழந்தைகளிடம் கொண்டுபோனார்கள். மருந்து கொடுத்ததும் கைகால் அசைவு நின்றுவிடுகிறது, ஆனால் மூளைக்குள் மின்துடிப்பு பாட்டுக்குத் தொடர்கிறது என்பது இப்படிப்பட்ட பதிவுகளில்தான் தெரிந்தது. அபாய மணியின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தீ அணைந்தது என்று நினைத்த கதை.

மருந்து விஷயமும் அப்படித்தான். 1912இல் சந்தைக்கு வந்த ஃபீனோபார்பிட்டாலைத்தான் இன்றும் முதலில் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 59 குழந்தைகளிடம் சோதித்து 1999இல் வெளியிட்டபோது, அது 43 சதவீதம் பேருக்கே வலிப்பைக் கட்டுப்படுத்தியது. போட்டி மருந்து ஃபெனிட்டாயின் 45. இரண்டும் பாதியைக்கூடத் தொடவில்லை. புதிதாக வந்த லெவிடிராசெட்டம் வெல்லும் என்று எதிர்பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவில் கிழட்டு ஃபீனோபார்பிட்டாலுக்கு 80, புதுசுக்கு 28. ஒன்றுக்கு மேல் மருந்து தேவைப்படுவதே கெட்ட அறிகுறி என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எடை குறைவு, மாதம் நிறையாமல் பிறந்தது, பிறந்தபோது மூச்சு ஊதிவிட வேண்டியிருந்தது, விட்டுவிடாமல் நீளும் வலிப்பு, வலிப்பு இல்லாத நேரத்திலும் மின்னலையின் பின்னணியே தாழ்ந்து கிடப்பது — சாவுக்கு இட்டுச்செல்லும் காரணிகளாக மறுபடி மறுபடி தென்படுபவை இவை. கடைசியில் சொன்னதுதான் மிக வலுவானது.

இனி நம்மவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டிய இடம். பிராணவாயு தடைப்பட்ட மூளையைக் குளிர்வித்தால் சேதம் குறையும் என்று நியூசிலாந்தில் ஆட்டுக்குட்டிக் கருக்களிடம் 1990களில் கண்டார்கள். 2005இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில் பிள்ளையை 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைத்தபோது சாவும் ஊனமும் குறைந்தன. பிரிட்டனில் 2009இல் வந்த ஆய்வும் சாதகமாகவே இருந்தது. பணக்கார நாடுகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. நம் ஊருக்கும் வந்தது. அந்தக் கருவிகள் விலை அதிகம் என்பதால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து, உருகி உறையும் பொருளைக் கொண்டு கரண்ட் அதிகம் தேவைப்படாத குளிர்த் தொட்டில்கூட உருவானது. தெர்மோடைனமிக்ஸில் உள்ளுறை வெப்பம் என்று நெட்டுருப் போட்டோமே, அது ஒரு பிள்ளையின் முதுகுக்கு அடியில் இருப்பதைப் பார்த்தால் எந்தப் பொறியாளனுக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு வந்தது ஹீலிக்ஸ் ஆய்வு. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் மூன்று நாட்டிலும் ஏழு பெரிய மருத்துவமனைகள். சென்னையும் அதில் உண்டு. 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகள். 2021இல் முடிவு வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன. குளிர்விக்காமல் வழக்கமான சிகிச்சை பெற்றவற்றில் 31 சதவீதம். கருவி மட்டம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வெப்பத்தைத் தானாகவே கட்டுப்படுத்தும் நல்ல கருவியைத்தான் வைத்திருந்தார்கள். 33.5 டிகிரி என்றால் அங்கேயும் 33.5, இங்கேயும் 33.5. குழந்தைதான் வேறு. பிரசவ நேரத்துக்கு முன்பே சேதம் தொடங்கியிருக்கலாம், தாயின் ஊட்டம், தொற்று எல்லாம் இருக்கலாம் என்று மருத்துவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மாணவர்கள் பலர் 'மலிவு விலைக் குளிர்விப்பான்' என்று புராஜெக்ட் எடுப்பதைப் பார்க்கிறேன். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த 42க்கும் 31க்கும் பதில் சொல்லாமல் அந்த அறிக்கையில் 'பயன்கள்' என்ற அத்தியாயத்தை எழுதாதீர்கள்.

வலிப்பு வருவதற்கு முன்னாலேயே போய் நிற்கும் கருவி ஒன்று உண்டு. 1956இல் டென்மார்க்கில் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளரும் ஹென்னிங் ரூபன் என்ற மயக்க மருந்து நிபுணரும் சேர்ந்து செய்த, அமுக்கினால் காற்றை ஊதித் தானே உப்பிக்கொள்ளும் பை. ஆம்பு பை என்பார்கள். கரண்ட் வேண்டாம், சிலிண்டர்கூட வேண்டாம். டான்சானியாவில் எட்டு மருத்துவமனைகளில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு, அழாத பிள்ளையைத் துடைத்துத் தூண்டி, முதல் நிமிஷத்துக்குள் இந்தப் பையால் மூச்சு ஊதப் பழக்கினார்கள். முதல் 24 மணி நேரத்தில் இறப்பவை ஆயிரத்துக்கு 13.4 ஆக இருந்தது 7.1 ஆகக் குறைந்ததாக 2013இல் எழுதினார்கள். நம் நாட்டிலும் 2009இல் மத்திய அரசு இதே போன்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது.

பயிற்சி பெற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் கை மறந்துவிடுகிறது என்று செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். முகமூடி சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் காற்று கசிவதுதான் பெரிய தொல்லையாம். எவ்வளவு கசிகிறது என்பதைப் பயிற்சிப் பொம்மையின் மீது வைத்து அங்கேயே காட்டும் ஒரு சின்ன மானியை நூறு ரூபாய்ச் சாமான்களில் செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆரிஃபிஸ் மீட்டர் தத்துவம்தான். டிஃபரென்ஷியல் பிரஷர் அளக்கும் பகுதியில் மட்டும் பிசகுகிறது. மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களில் யாருக்காவது ஆசை இருந்தால் மலர்க்குழுவிடம் என் முகவரி இருக்கிறது. சந்திப்பு விழா இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் வாசலில் மாடல்களோடு நிற்பேன்.